கடலில் எடுத்த படமும் கடையில் உடுத்திய சேலையும்

என் அன்புக்கும் என் வாதங்களுக்கும் உரிய சுகந்தி,

நலம் விசாரிக்கும் சடங்கை விட்டுவிடுகிறேன். பத்து மாதங்களாக உமக்குச் சொல்லாமல் சேர்த்து வைத்திருப்பவற்றை முதலில் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

1. மே மாதம், புதன்கிழமை, நீர் போன மறுநாள்: கடலில் எடுத்த உமது படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, நீர் ஒருநாளும் உடுத்தியிராத மாம்பழ நிறப் பட்டுச் சேலை ஒன்றின்மேல் ஒட்டினார்கள். நனைந்திருந்த தலையை உலர்த்தி நேர்வகிடு எடுத்தார்கள். நெற்றியில் தூக்கிவிட்டிருந்த நீச்சல் கண்ணாடியை அழித்து, அந்த இடத்தில் குங்குமம் வைத்தார்கள்.

2. அதே வாரம், சனிக்கிழமை, பார்வைக்கு வைத்த மண்டபம்: உமது பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று உறவினர் ஒருவர் இன்னொருவருக்கு என்னைப் பற்றிச் சொன்னார். "கடலுக்குள்ள கொண்டுபோய்த் தாட்டு எடுத்தவர். உப்புத்தண்ணி தலைக்க ஏறினா வேற என்ன நடக்கும்?" நான் கேட்கும் தூரத்தில்தான் நின்றேன்.

3. ஜூன் மாதம், நீர் போன முப்பத்தோராம் நாள்: உமது நினைவு மலர் வெளியானது. நாற்பது பக்கங்கள். வாழ்க்கை வரலாற்றில், "திருத்தலங்கள் பலவற்றைத் தரிசித்தவர்" என்றிருந்தது. கடல், தீவு, நீச்சல் ஆகிய மூன்று சொற்களில் ஒன்றுகூட நாற்பது பக்கத்தில் எங்கும் இல்லை.

4. செப்டெம்பர் மாதம், ஒரு ஞாயிறு, மல்வேர்னில் நாம் வழக்கமாகப் போகும் மரக்கறிக் கடை: கதவுக் கண்ணாடியில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் மரண அறிவித்தல். முகம் அவருடையது. சேலை உம்முடையது. அதே மடிப்பு, அதே அட்டியல், மடியில் வைத்த அதே கை.

5. மார்ச் மாதம், போன ஞாயிறு: ஆண்டு நினைவு மலரின் அட்டை மாதிரி என் கைக்கு வந்தது. அதே படம். எழுத்தில் ஆட்சேபித்துவிட்டு, அன்றே நேரிலும் போனேன். வாய்மொழியில் பதில் வந்தது: "பாப்பம்."

ஆறாவது ஒன்றும் உண்டு. அது என்மீது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாநகரசபைக் கட்டடப் பரிசோதகன் ஒருவனைக் கட்டியதால், போன பிறகும் உமக்கு இலக்கமிட்ட அறிக்கை வருகிறது பாரும். ஆனால் எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். பிழை எங்கே, எப்போது, யார் கையால் என்று எழுதாத வரைக்கும் எவரும் அதைத் திருத்துவதில்லை. உமது முகத்தை ஒட்டிய அந்தச் சேலை பத்திரிகையில் வந்தது, இணையத்தில் வந்தது, கடைக் கண்ணாடிகளில் வந்தது. பிழை ஊர் பார்க்க நடந்தது. திருத்தமும் ஊர் பார்க்கத்தான் நடக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம் உமது மேசை இலாச்சிக்குள் இல்லாமல் வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. இதைத் தேங்காயோடும் கத்தரிக்காயோடும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கப் போகிறவர்களுக்கு, நடந்தது என்னவென்று முறையாகத் தெரிய வேண்டும்.

நம் ஆரணி ஆறு வயதில் நீச்சல் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். சமூக நிலையத்தின் மேல்தளத்தில், தடாகத்தைப் பார்த்தபடி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீள வாங்கு உண்டு. சனிக்கிழமைக் காலைகளில் அந்த வாங்கு முழுவதும் நம் தாய்மார். வெளியே பனி, உள்ளே குளோரின் மணமும் புழுக்கமும். ஒன்பது மாரிகாலம் நீர் அதில் இருந்தீர். மற்றவர்கள் கல்யாணவீட்டுக் கதைகள் பேச, நீர் கண்ணாடியில் படியும் ஆவியைக் கைலேஞ்சியால் துடைத்துத் துடைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தீர். "கையை மடக்காமல் நீட்டி அடிக்கட்டாம் எண்டு அவளுக்குச் சொல்லுங்கோ," என்று காரில் ஏறும்போது என்னிடம் முறைப்பாடு வைப்பீர். தண்ணீருக்குள் கால் வைக்காத ஒருத்தி, பார்த்தே எல்லா வகுப்பையும் முடித்திருந்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு எங்கள் இருபத்தைந்தாவது கல்யாணநாள் வந்தது. எங்கே போவது என்ற பேச்சு எழுந்தபோது உமது பெரியண்ணா, என் சிவநேசன் அத்தான், றிச்மண்ட் ஹில்லிலிருந்து நேரே வந்து சிதம்பரத்தைச் சொன்னார். தகப்பன் இல்லாத வீட்டில் உம்மை வளர்த்தவர் அவர். உம்மை இந்த நாட்டுக்கு அழைத்தவரும் அவர். அவர் ஒன்றைச் சொன்னால் அது முடிவு என்றுதான் இருபத்தைந்து ஆண்டும் நடந்தது. அன்று நடக்கவில்லை.

"சிதம்பரத்தில நடக்கோணும் அண்ணா. கடல்ல நடக்கத் தேவையில்லை. என்ர முழங்காலுக்கு அதுதான் நல்லது."

"கடல்ல என்ன செய்யப் போறாய்?"

"பாக்கப் போறன்."

"பாக்கிறதுக்கு உதில ஒன்ராரியோ ஏரி கிடக்குத்தானே?"

"அதில மீன் தெரியாது அண்ணா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த யோசனை என்னுடையது என்று அன்றே தீர்மானித்துவிட்டார் என்று நினைக்கிறேன். இல்லை சுகந்தி, என்னுடையது அல்ல. குராசாவோ என்ற தீவின் பெயரையே நான் உமது வாயால்தான் முதல் கேட்டேன். பயணத்தை ஒழுங்கு செய்ததும், விடுதியைத் தெரிந்ததும், படகுப் பயணத்துக்கு நம் பெயர்களைக் கொடுத்ததும் நீர். நான் செய்தது பெட்டி தூக்கியது மட்டும். இது பதிவாக வேண்டும்.

முதல்நாள் வில்லெம்ஸ்ராட் நகரத்தில் அந்த மிதக்கும் மரப்பாலத்தில் நடந்தோம். கப்பல் வந்தால் மணியடிப்பார்கள். பாலம் முழுதாக ஒரு பக்கம் விலகி வழிவிடும். எல்லோரும் கரையோரத்து மஞ்சள், நீல வீடுகளைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் குனிந்து பாலத்தின் பிணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, லீவில வந்த இடத்தில பாலத்துக்கு நோட்டீஸ் குடுக்காதேங்கோ. அது உங்களைக் கேட்டோ மிதக்குது?"

இரண்டாம் நாள் படகு. பன்னிரண்டு பேர். படகை ஓட்டிய பெண் எல்லோருக்கும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் தந்துவிட்டு, நீந்தத் தெரியாதவர்கள் கையை உயர்த்துங்கள் என்றாள். நான் உயர்த்தினேன். நீரும் உயர்த்தியிருப்பீர் என்று திரும்பினேன். உமது இரண்டு கையும் மடியில் இருந்தன.

"கையைத் தூக்கும்," என்றேன்.

"ஏன்? எனக்கு நீந்தத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"போன புரட்டாதியில இருந்து. புதன்கிழமையளில. பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு ஒரு நேரம் விடுறவை."

"புதன்கிழமை முழங்காலுக்கு எக்சசைஸ் எண்டெல்லோ போனீர்?"

"முழங்காலையும் கூட்டிக்கொண்டுதானே போனனான்."

பக்கத்திலிருந்த டச்சுக்காரத் தம்பதிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். நீண்ட கை வைத்த அந்தக் கறுப்பு நீச்சல் உடுப்போடு எழுந்து, ஏணியில் பின்பக்கமாக இறங்கி, ஒரு கையால் கண்ணாடியை அழுத்திப் பிடித்தபடி தண்ணீரில் முகத்தை வைத்தீர். நான் படகின் விளிம்பில், உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உமது மூச்சுக்குழாயின் செம்மஞ்சள் நுனியைக் கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல நகர்ந்தது. ஒருமுறை நின்றது. பிறகு நகர்ந்தது.

அரை மணித்தியாலம் கழித்து ஏணியைப் பிடித்துத் தலையைத் தூக்கினீர். முதலில் சொன்னது கிளிமீனைப் பற்றி: பவளப்பாறையைக் கடிக்கும் சத்தம், முறுக்குக் கடிக்கிற சத்தம் மாதிரியே கேட்குது என்று. பிறகு சொன்னது எனக்கு இன்றைக்கும் ஏதோ செய்கிறது.

"இஞ்சருங்கோ, கீழ ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை."

நான் உம்மிடம் எவ்வளவு கேட்டிருக்கிறேன், சுகந்தி? தேத்தண்ணி, சாவி, அந்தப் பில், இந்தக் கடிதம். அண்ணா எவ்வளவு கேட்டிருப்பார்? இதற்கு நீர் பதில் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் நாள், மீனவர்கள் மீன் வெட்டும் அந்தச் சின்னத் துறை. கழிவுக்காக ஆமைகள் வரும், இடுப்பளவு தண்ணீரில் நின்றே பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துப் போனீர். நான் கண்ணாடியைப் போட்டேன். தண்ணீர் உள்ளே வந்தது. இறுக்கினேன், பிறகும் வந்தது. நீர் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பரிசோதகரைப் போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தீர்.

"கண்ணாடியில பிழை இல்லை. உங்கட மீசைக்குள்ளாலதான் தண்ணி வருது. ஒண்டில் மீசை, ஒண்டில் ஆமை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

முப்பது வருட மீசை. அடுத்த நாள் காலை விடுதிக் குளியலறையில் அதை எடுத்தேன். பத்து மணிக்கு அதே துறையில், ஒரு பெரிய ஆமை என் நெஞ்சுக்கு முன்னால் அவசரமே இல்லாமல் திரும்பிப் போனதைப் பார்த்தேன். தலையைத் தூக்கியபோது நீர் கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு, கண்ணைச் சுற்றிச் சிவந்த வளையத்தோடு, கன்னத்தில் ஒட்டிய மயிரோடு, என் மொட்டை உதட்டைப் பார்த்துச் சிரித்தீர். அப்படியே நில்லும் என்று சொல்லிப் படத்தை எடுத்தேன்.

அந்தச் சிரிப்புத்தான் அட்டையில் இருக்கிறது. ஊர் முழுவதும் பார்த்து, "சாந்தமான முகம்" என்று எழுதிய சிரிப்பு. அது சாந்தம் அல்ல. அது ஒரு மனுசனின் மீசையில்லாத மூஞ்சியைப் பார்த்த நக்கல்.

அன்று கரையில் துவாயைப் போர்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னீர். "அண்ணாட்டச் சொல்லோணும். புதன்கிழமை யோகாவுக்குப் போறன் எண்டு அவருக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறன். வைகாசியில அவற்ற பிறந்தநாளுக்குச் சொல்லுவம். கேக் வெட்டினாப் பிறகு. வாய்க்குள்ள கேக் இருந்தா உடன கத்தமாட்டார்."

விமான நிலையத்தில் அத்தான்தான் எங்களை ஏற்ற வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

"மச்சான்... ஆர்? ஆருக்கு என்ன நடந்தது?"

நம் ஆட்களில் மீசை எடுத்த ஐம்பது வயது தாண்டியவனைப் பார்த்தால் எவரும் கேட்பது அதுதான். தாய் தகப்பன் செத்தாலொழிய எவன் எடுக்கிறான்?

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அத்தான். ஆமை பாக்க எடுத்தனான்."

அவர் சிரிக்கவில்லை. நீர் பின்னிருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர். வீடு வந்து இறங்கும்போது, "சும்மா இருக்கிற வீட்டில ஆரும் மீசையில கை வைக்கிறேல்லை," என்றார். மூன்று மாதம் கழித்து நீர் போனபோது, இந்த வசனம் எவ்வளவு கைமாறியது தெரியுமா? மீசையை எடுத்துச் சாவை அழைத்துவிட்டேனாம். கடலில் தாழ்த்தி முடித்துவிட்டேனாம்.

வைத்தியர் சொன்னதை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். உமது மூளையில் ஒரு இரத்தக் குழாய் எப்போதிருந்தோ மெலிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, நீர் வேலைக்குச் சப்பாத்துப் போடக் குனிந்தபோது, அது விட்டுவிட்டது. கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவர் எனக்கு எழுத்தில் தந்திருக்கிறார். கேட்கிறவர்களுக்குக் காட்டுவேன். பத்து மாதமாக ஒருவரும் கேட்கவில்லை. சொல்லத்தான் ஆட்கள் இருந்தார்கள்.

இனி ஆறாவது.

புதன்கிழமை காலை அத்தான் தொலைபேசி எடுத்தார். "அறிவித்தலுக்கு ஒரு படம் வேணும் மச்சான். முகம் நேர பாக்கிற மாதிரி." என் தொலைபேசியில் உமது நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் யாருக்கோ சோறு போடுகிறீர், இல்லாவிட்டால் கமராவைப் பார்க்காமல் ஏதோ எடுக்கிறீர். நேராகப் பார்த்துச் சிரித்தது அந்த ஒன்றில்தான். அதை அனுப்பியவன் நான். மத்தியானம் ஸ்ரூடியோக்காரர் செய்து முடித்ததை எனக்கு அனுப்பினார்கள், சம்மதம் கேட்டு. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சேலையைப் பார்த்தேன், வகிட்டைப் பார்த்தேன், ஒரு கணம் வடிவாக இருக்கிறீர் என்றுகூட நினைத்தேன். "ஓம்" என்று பதில் அனுப்பினேன்.

கட்டடங்களில் நான் இப்படிச் செய்ததே இல்லை. பார்க்காமல் ஒப்பம் வைத்ததும் இல்லை; பார்த்துவிட்டுப் பொய்யென்று தெரிந்தும் ஒப்பம் வைத்ததும் இல்லை. உமது முகத்துக்கு வைத்தேன். அந்த "ஓம்" இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அதை நான் அழிக்கப் போவதில்லை.

செப்டெம்பரில் அந்த மரக்கறிக் கடைக்கு ஆரணியோடு போயிருந்தேன். அவள்தான் முதலில் நின்றாள்.

"அப்பா, வெயிற். அது அம்மாவின்ர உடம்பு."

கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தோம். யாரோ ஒரு பெண்மணி, எண்பது வயதிருக்கும். கழுத்துக்கு மேல் சுருக்கம். கழுத்துக்குக் கீழே வாலிபமான கை, ஆறு வளையல். ஆரணி சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. "சொறி, சொறி," என்று அந்த அம்மாவின் படத்திடமே மன்னிப்புக் கேட்டாள். பிறகு கடையின் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். ஸ்ரூடியோக்காரரிடம் ஆண்களுக்குச் சில கோட்டுகளும் பெண்களுக்குச் சில சேலைகளும் இருக்கின்றனவாம். போகிறவர்கள் முகத்தை மட்டும் கொண்டுவந்தால் போதுமாம். அவரில் எனக்குக் கோபமில்லை. கேட்டதைச் செய்கிறார். கேட்டவர்கள் நாங்கள்.

போன ஞாயிறு ஆரணியையும் கூட்டிக்கொண்டு றிச்மண்ட் ஹில்லுக்குப் போனேன். அத்தான் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்து, திருநீற்றோடு மேசையில் இருந்தார். அட்டை மாதிரியை அவர் முன் வைத்து, பக்கத்தில் கடலில் எடுத்த முழுப் படத்தையும் வைத்தேன்.

"இந்த ரெண்டில எது உங்கட தங்கச்சி அத்தான்?"

"ரெண்டும்தான்."

"மாமா, இந்தக் கையைப் பாருங்கோ," என்றாள் ஆரணி. "அம்மாவின்ர கையில ஓவன் சுட்ட தழும்பு இருக்கு. சீரியஸ்லி, உது ஆற்ற கை?"

"பிள்ளை, செத்த வீட்டுப் படம் எண்டா ஒரு முறை இருக்கு. தலை நனைஞ்சு, மயிர் விரிஞ்சு கிடக்கிற படத்தை வைக்கேலாது. சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொல்லி முடிச்சிட்டுது அத்தான்," என்றேன். "நான் மனுசியைக் கடலில தாட்டனான் எண்டு சொல்லிட்டுது. நீங்கள் அதை மறுத்து ஒரு சொல் சொன்னதை நான் கேக்கேல்லை. இந்தப் படத்தை மறைச்சா அது உண்மை எண்டுதானே ஆகும்? மறைக்கிறதுக்கு அதில என்ன இருக்கு?"

அவர் இரண்டு படங்களையும் பார்க்காமல் மேசைத் துணியைப் பார்த்தார். பிறகு மெல்லத் தொடங்கினார்.

"ஒவ்வொரு புதனும் ஆறு மணிக்கு எனக்குப் போன் எடுப்பாள். 'அண்ணா, யோகா முடிஞ்சுது, களைச்சுப் போனன்' எண்டுவாள். நானும் சாப்பிடச் சொல்லுவன். எத்தினை புதன், மச்சான்? அவ்வளவும் பொய். அவள் நீந்தினவள் எண்டு நீர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் அவள் செத்தாப் பிறகு. அந்தப் படத்தில சிரிக்கிறவளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச தங்கச்சியைத்தானே நான் போடேலும்?"

அவர் நிமிர்ந்தார்.

"இன்னொண்டு கேக்கிறன். அவள் எனக்கு ஒளிச்சதை நீர் ஊருக்குக் காட்டுறது சரியோ?"

சுகந்தி, இத்தனை ஆண்டில் அவர் என்னிடம் கேட்ட ஒரேயொரு நல்ல கேள்வி அது. நீர் அந்தப் படத்தை ஒரு நாள் மட்டும் உமது தொலைபேசியின் முகப்பில் வைத்துவிட்டு, அண்ணா கண்டுவிடுவார் என்று எடுத்தது எனக்குத் தெரியும். உமது ஒளிப்புக்கு நான் காவலா, அல்லது உமது சிரிப்புக்கா? இதை உம்மிடம் கேட்க முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு, கரையில் துவாயைப் போர்த்திக்கொண்டு நீர் சொன்னதை அவருக்குச் சொன்னேன். அவர் பிறந்தநாளையும், கேக்கையும், வாய்க்குள் கேக் இருந்தால் கத்தமாட்டார் என்றதையும், ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். அவருடைய பிறந்தநாள் நீர் போய்ப் பன்னிரண்டாம் நாள் வந்தது. அன்று ஒருவரும் கேக் வெட்டவில்லை.

அவர் எழுந்து குசினிக்குள் போனார். குழாயைத் திறந்து விட்டு நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பாப்பம்," என்றார்.

"பாப்பம் எண்டா என்ன அத்தான்? ஓமோ, இல்லையோ?"

"பாப்பம் மச்சான்."

அவர் வலியை நான் விளங்கிக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கும்தான் முழங்கால் என்று பொய் சொன்னீர். நான் உமது தலையை வெட்டி வேறொரு உடம்பில் வைக்கவில்லையே. தெரியாத தங்கச்சியைத் தெரிந்துகொள்ள ஒரு படம் கிடைத்தால், அதை வெட்டுவதா, பார்ப்பதா?

ஆகவே, நடந்து முடிந்தவற்றை அறியத் தருகிறேன். ஆண்டு மலரின் பொறுப்பைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அச்சகத்தை மாற்றிவிட்டேன். கோயில் ஐயரிடம் கேட்டேன். நனைந்த தலைக்குத் தடை சொல்லும் விதி எதுவும் தமக்குத் தெரியாது என்றார், "தீர்த்தமாடின தலைதானே" என்று அவரே சமாதானமும் சொன்னார். ஆரணி வாழ்க்கை வரலாற்றைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். ஐம்பத்திரண்டாவது வயதில் நீந்தப் பழகினார் என்று எழுதியிருக்கிறாள். தம் விருப்பத்தால் கடலுக்குப் போனார், கணவர் பின்னால் போனார் என்றும் எழுதியிருக்கிறாள். "கணவர் பின்னால் போனார்" என்பதை எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், அது சரியான தகவல் என்றேன்.

நானும் தை மாதத்திலிருந்து வியாழக்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன். பெரியவர்களுக்கான முதலாம் வகுப்பு. படிப்பிக்கிற பெட்டைக்கு ஆரணியின் வயதுகூட இல்லை. "கால் தாழுது சேர், வயித்தை எக்காதேங்கோ," என்று ஆங்கிலத்தில் அதட்டுகிறாள். முகத்தைத் தண்ணீரில் வைத்து இருபது வரை எண்ணுகிறேன். எண்ணும்போது ஒருவரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. நீர் சொன்னது சரி.

உமக்கு என் வாக்கு இது. அட்டையில் நீர் வெட்டப்படாமல் இருப்பீர். கண்ணாடியும் இருக்கும், சிவந்த வளையமும் இருக்கும், ஒரு மயிரும் உலர்த்தப்படாது. உடம்பு உம்முடையதாக இருக்கும். இதில் எவருடைய சம்மதமும் இனித் தேவையில்லை, என்னுடையது உட்பட.

ஒரு நிமிடம் பொறும் சுகந்தி. கடைசிப் பந்தி உமது அண்ணாவுக்கு.

அத்தான், மலரின் ஒன்பதாம் பக்கத்தை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். தலைப்பில் உங்கள் பெயர் ஏற்கனவே அச்சுக்குக் கோக்கப்பட்டுவிட்டது. புதன்கிழமைகளில் ஆறு மணிக்குத் தங்கச்சி உங்களுக்குச் சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன, அதை அறிந்த இன்று உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை உங்கள் கையால் எழுதி, ஒப்பம் வைத்து எனக்கு அனுப்புங்கள். அவளில் கோபித்து எழுதலாம், என்னில் கோபித்தும் எழுதலாம். ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சிடுவேன். ஏப்ரல் மாதம் பத்தாம் திகதி மாலை ஐந்து மணிக்கு முன்னர் என் கைக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் உங்கள் பெயரோடு வெறுமையாகவே அச்சாகும். "பாப்பம்" என்பது பதிலாக ஏற்றுக்கொள்ளப்படாது.

உம்மை மணந்தவனும்,
அவருக்கு இன்னமும் மச்சானுமாகிய
குலேந்திரன்